பள்ளி மாணவர்களுக்கான புரோகிராமிங் போட்டிகள்: இந்திய கணினி ஒலிம்பியாட் வரை செல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் கணினி அறிவியல் எடுத்தவர்களுக்கு சி++ பாடத்திலேயே வருகிறது. பிளஸ் டூவில் பைத்தான். பள்ளி லேபில் உட்கார்ந்து நிரல் எழுதி, ரெக்கார்டு நோட்டில் வெளியீட்டையும் எழுதி, செய்முறைத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கும் மாணவர்கள் நம்மிடம் ஆயிரக்கணக்கில் உண்டு. அந்த அறிவை வைத்து நாட்டு அணிக்கே போட்டியிட ஒரு வழி இருப்பது அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. அந்த வழியின் முதல் தேர்வை ஒரு பேனாவை மட்டும் வைத்தே எழுதலாம் என்பதும் தெரியாது. அந்த வழியைப் பற்றியும் அதற்குத் தயாராகும் முறையைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், எதற்குத் தயாராகிறோம்?

உலக அளவில் பள்ளி மாணவர்களுக்கான பெரிய போட்டி, சர்வதேச தகவலியல் ஒலிம்பியாட். சுருக்கமாக ஐஓஐ. 1989இல் பல்கேரியாவின் பிரவெட்ஸ் நகரில் தொடங்கியது. இந்தியா 2002 முதல் அணி அனுப்பி வருகிறது. ஒரு நாட்டிலிருந்து நான்கு பேர். போட்டி இரண்டு நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம், மூன்று கணக்குகள். ஒரு கணக்குக்கு 100 மதிப்பெண் என்று மொத்தம் 600. நான்கு பேர் போனாலும் போட்டி தனித்தனிதான், பேசிக்கொள்ள முடியாது. கலந்துகொள்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பதக்கம் கிடைக்கும். தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றும் ஒன்றுக்கு இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் வழங்கப்படும்.

போட்டி நடக்கும் ஆண்டின் ஜூலை 1 அன்று 20 வயதுக்குள் இருக்க வேண்டும். போட்டிக்கு முந்தைய ஆண்டின் இறுதியில் பள்ளி மாணவராக இருந்திருக்க வேண்டும். கீழ் வயது வரம்பு கிடையாது. பெலாரஸைச் சேர்ந்த கென்னடி கொரோட்கேவிச் 2006இல் வெள்ளி வென்றபோது அவருக்கு வயது 11. அடுத்த ஆறு ஆண்டுகளும் அவருக்குத் தங்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளையைப் பார்த்து 'இதெல்லாம் பெரியவர்களுக்கு' என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இந்தியாவில் இந்த அணியைத் தேர்ந்தெடுக்கும் போட்டிதான் இந்திய கணினி ஒலிம்பியாட். அதை நடத்துவது ஐஏஆர்சிஎஸ் என்ற கணினி அறிவியல் ஆய்வாளர் சங்கம். சிறுசேரியில் இருக்கும் சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிடியூட், அதாவது சிஎம்ஐ, இதில் தொடக்கம் முதலே முக்கியப் பங்கு வகிக்கிறது. அதன் இயக்குநர் மாதவன் முகுந்த் பல ஆண்டுகளாக இந்த ஒலிம்பியாடின் தேசிய ஒருங்கிணைப்பாளராக இருந்திருக்கிறார். பயிற்சி முகாமும் அந்த வளாகத்தில் நடந்திருக்கிறது. நம் ஊருக்குப் பக்கத்திலேயே இவ்வளவு நடக்கிறது என்பதால்தான் இங்குள்ள மாணவர்கள் குறைவாக எழுதுவது எனக்கு உறுத்துகிறது.

தேர்வின் படிகள்

முதல் கட்டத்துக்கு இரண்டு வாசல்கள். ஒன்று இசட்ஐஓ என்ற மண்டலத் தகவலியல் ஒலிம்பியாட், மற்றது இசட்சிஓ என்ற மண்டலக் கணினி ஒலிம்பியாட். இரண்டில் ஒன்றில் தேறினாலே அடுத்த கட்டத்துக்குப் போகலாம், இரண்டையும் எழுதலாம்.

இசட்ஐஓ எழுத்துத் தேர்வு. கணினி வேண்டாம், சி++ வேண்டாம், நிரல் என்றால் என்னவென்றே தெரியாதவரும் எழுதலாம். ஒரு கதை போன்ற கணக்கைக் கொடுத்து, அதற்கு மூன்று தரவுத் தொகுப்புகள் கொடுப்பார்கள். ஒவ்வொரு தொகுப்புக்கும் விடை ஓர் எண். கையால் கணக்கிட்டு எழுத வேண்டும். கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக எழுதினால் பெரும்பாலும் தப்பாகும். முறையாகக் கணக்கிட ஒரு வழி கண்டுபிடித்தவர் மூன்றையும் சரியாகப் போட்டுவிடுவார். அந்த வழிதான் அல்காரிதம்.

இசட்சிஓ, இணையம் வழியாக நிரல் எழுதி அனுப்பும் போட்டி. அனுப்பிய நிரலை ஒரு தானியங்கி நடுவர் பல உள்ளீடுகளில் ஓட்டிப் பார்க்கும்.

இவற்றில் ஏதாவது ஒன்றில் தேறியவர்களுக்கு ஐஎன்ஓஐ என்ற தேசியச் சுற்று. இதில் நிரல் எழுதியே ஆக வேண்டும். அதில் முன்னணியில் வரும் சிலரை மட்டும் பயிற்சி முகாமுக்கு அழைப்பார்கள். பொதுவாக முப்பதை ஒட்டிய எண்ணிக்கை. முகாமில் வகுப்புகளும் தேர்வுகளும் சேர்ந்தே நடக்கும். அங்கிருந்துதான் நால்வர் அணி.

வழக்கமாக முதல் கட்டம் ஆண்டின் இறுதியிலும் தேசியச் சுற்று அதையொட்டியும் வரும். தேதியும் வடிவமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், ஆகஸ்டிலிருந்தே ஐஏஆர்சிஎஸ் தளத்தில் அறிவிப்பைப் பார்த்து வாருங்கள். பதிவுக் காலத்தைத் தவறவிட்டுவிட்டு அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விடும் மாணவர்கள் நிறைய. பிளஸ் டூ மாணவருக்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது.

எந்த வகுப்பில் தொடங்குவது? என்னைக் கேட்டால் எட்டு அல்லது ஒன்பது. ஒன்பதில் இசட்ஐஓ மட்டும் எழுதிப் பழகலாம். பத்தில் பொதுத்தேர்வு இருந்தாலும் வாரம் சில மணி நேரம் விடாமல் வைத்துக்கொள்ளலாம். பிளஸ் ஒன்னில் முழு மூச்சாக முயல வேண்டும். பிளஸ் டூவில் தேசியச் சுற்று வரும் நேரத்தில் ரிவிஷன் தேர்வுகளும் நுழைவுத் தேர்வுகளும் கழுத்தை நெரிக்கும்.

படி 1: பேனாவில் தொடங்குங்கள்

ஆறாம் வகுப்பு முதல் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல தொடக்கம் பீப்ராஸ் என்ற கணினிச் சிந்தனைப் புதிர்ப் போட்டி. 2004இல் லித்துவேனியாவில் தொடங்கிய இந்தச் சவால் இன்று பல நாடுகளில் நடக்கிறது. இந்தியாவில் சிஎஸ்பாடசாலா என்ற முயற்சி இதை நடத்துகிறது. கேள்விகள் தமிழிலும் கிடைப்பதால், தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் தயங்க வேண்டியதில்லை.

அடுத்தது பழைய இசட்ஐஓ வினாத்தாள்கள். ஐஏஆர்சிஎஸ் தளத்தில் பல ஆண்டுத் தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை எப்படி அணுகுவது என்பதற்கு ஒரு சின்ன எடுத்துக்காட்டு.

நான்குக்கு நான்கு கட்டம். மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்குப் போக வேண்டும். வலப்பக்கமோ கீழ்ப்பக்கமோ மட்டும் நகரலாம். எத்தனை வழிகள்? ஒவ்வொரு வழியாக வரைந்து எண்ணினால் குழம்பிவிடும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு கட்டத்திலும் 'இங்கே வந்துசேர எத்தனை வழி' என்று எழுதுங்கள். ஒரு கட்டத்துக்கு மேலிருந்தோ இடப்பக்கத்திலிருந்தோதான் வர முடியும். எனவே அந்த இரண்டு எண்களின் கூட்டல்தான் அதன் எண். முதல் வரிசை முழுக்க 1, முதல் நெடுவரிசை முழுக்க 1. நிரப்பிக்கொண்டே போனால் கடைசிக் கட்டத்தில் 20 வரும்.

இப்போது இரண்டாம் வரிசையின் இரண்டாம் கட்டத்தில் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டத்தில் 0 எழுதுங்கள். மற்றதெல்லாம் அதே விதிதான். இரண்டாம் வரிசை 1, 0, 1, 2. மூன்றாவது 1, 1, 2, 4. நான்காவது 1, 2, 4, 8. விடை 8. அட்டவணை ஒரு நிமிட வேலை. இதே போல தடைகள் சிதறிக் கிடக்கும் எட்டுக்கு எட்டுக் கட்டத்தைத் தேர்வில் கொடுத்தாலும் பயமில்லை.

இந்த முறைக்கு டைனமிக் புரோகிராமிங் என்று பெயர். பெரிய பெயராக இருந்தாலும் செய்தது என்ன? சின்னக் கேள்வியின் விடையை எழுதி வைத்து அடுத்ததற்குப் பயன்படுத்தினோம், அவ்வளவுதான். இதைக் கையால் பழகிய மாணவர் பிறகு நிரலில் எழுதும்போது தடுமாறுவதில்லை. நிரல் மட்டும் படித்துவிட்டு வந்தவர்தான் எந்தக் கட்டத்தில் என்ன எண் நிற்கிறது என்று தெரியாமல் திண்டாடுகிறார். அதனால் கணினி வீட்டில் இருந்தாலும் முதல் சில மாதங்கள் தாளில்தான் அதிக நேரம் போக வேண்டும் என்பேன்.

படி 2: மொழி

சி++ படியுங்கள். இன்றைய ஐஓஐயில் ஏற்கும் மொழி அது ஒன்றுதான். பைத்தான் தெரிந்தவர் தொடக்கத்தில் பைத்தானிலேயே பழகலாம், தப்பில்லை. ஆனால் வேகம் தேவைப்படும் கணக்குகளில் பைத்தான் காலக்கெடுவைத் தாண்டிவிடும்.

எவ்வளவு சி++ வேண்டும் என்பதில்தான் பலர் தவறான திசையில் போகிறார்கள். பாடநூலில் வரும் இன்ஹெரிட்டன்ஸ், பாலிமார்ஃபிசம் எதுவும் இங்கே தேவைப்படாது. மாறிகள், இஃப், லூப், அரே, ஃபங்ஷன், வெக்டர், ஸ்ட்ரிங், சார்ட், மேப், செட் போதும். தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு மாதத்தில் கைக்கு வந்துவிடும். மீதியைக் கணக்கு போடும்போதே கற்றுக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் முதல் வாரமே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். சி++இல் முழு எண்களுக்கான இன்ட் வகை சுமார் 214 கோடி வரை மட்டுமே தாங்கும். அதைத் தாண்டினால் பிழைச்செய்தி எதுவும் வராது, எண் தப்பாகிவிடும். கூட்டல், பெருக்கல் விடை அதைத் தாண்டும் என்று தெரிந்தால் இன்னும் பெரிய எண்களைத் தாங்கும் லாங் லாங் வகையைப் போடுங்கள்.

படி 3: ஒரு கணக்கை எப்படி வாசிப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும்தான் நீங்கள் படிப்பதாக இருந்தால் அது இதுவாக இருக்கட்டும்.

கணக்கு இது. ஒரு தோப்பில் 'ம' தென்னை மரங்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன ('ம' என்பது மரங்களின் எண்ணிக்கை). ஒவ்வொரு மரத்திலும் எத்தனை காய் என்று தெரியும். வண்டியில் ஒரு குறிப்பிட்ட அளவு காய்தான் ஏற்ற முடியும். அடுத்தடுத்த மரங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் முழுக்கப் பறித்து, வண்டி தாங்கும் அளவுக்குள் அதிகபட்சம் எத்தனை மரங்களை முடிக்கலாம்?

மாதிரி உள்ளீடு: 8 மரங்கள், காய்கள் 4, 2, 7, 1, 3, 2, 6, 5. வண்டி 13 காய் தாங்கும்.

கதையைப் புரிந்துகொண்டதும் நிரல் எழுதக் கை பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். மாதிரியைத் தாளில் போட்டுப் பாருங்கள். 4, 2, 7 சேர்த்தால் 13, மூன்று மரம். 2, 7, 1, 3 சேர்த்தாலும் 13, நான்கு மரம். அடுத்தடுத்த ஐந்து மரங்களை எங்கே எடுத்தாலும் குறைந்தது 15 ஆகிறது. விடை 4.

அடுத்து கண் போக வேண்டிய இடம் வரம்புகள். கணக்கின் கீழே இப்படி இருக்கும்: 20 மதிப்பெண்ணுக்கு ம 200 வரை, இன்னும் 30க்கு ம 5,000 வரை, மீதி 50க்கு ம 2 லட்சம் வரை. இவற்றை சப்டாஸ்க் என்பார்கள். போட்டி நடத்துபவர் மூன்று வெவ்வேறு தீர்வுகளை மனதில் வைத்திருக்கிறார் என்பதை இந்த மூன்று வரிகளே சொல்லிவிடுகின்றன.

கணினி ஒரு நொடியில் தோராயமாக 10 கோடி எளிய செயல்களைச் செய்யும் என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டிகளில் எல்லாரும் பயன்படுத்தும் கணக்கு இது.

நேரடியான வழி: எல்லாத் தொடக்க மரங்களுக்கும், எல்லா முடிவு மரங்களுக்கும், இடையில் உள்ளதைக் கூட்டு. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் சுற்று. செயல்கள் ஏறக்குறைய ம × ம × ம வகுத்தல் 6. ம 200 என்றால் சுமார் 13 லட்சம். கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும். ம 5,000 என்றால் 2,000 கோடியைத் தாண்டுகிறது. ஆகாது.

கொஞ்சம் நல்ல வழி: தொடக்க மரத்திலிருந்து வலப்பக்கம் நகரும்போதே கூட்டிக்கொண்டு போனால் மூன்றாவது லூப் வேண்டாம். ம 5,000க்கு ஒன்றேகால் கோடி. அருமை, 50 மதிப்பெண் வந்துவிட்டது. ம 2 லட்சம் என்றால் மீண்டும் 2,000 கோடி. இருநூறு நொடி ஓடும். கொடுத்திருப்பது ஒன்றிரண்டு நொடி.

இப்போது யோசிக்க வேண்டும். இரண்டாவது வழியில் எந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம்? முதல் மரத்திலிருந்து தொடங்கி மூன்றாவது மரம் வரை வண்டியில் இடம் இருந்தது. தொடக்கத்தை இரண்டாவது மரத்துக்கு நகர்த்தினால், மூன்றாவது வரை நிச்சயம் இடம் இருக்கும், ஏனென்றால் ஒரு மரத்தைக் குறைத்திருக்கிறோம். திரும்ப இரண்டிலிருந்து கூட்டத் தேவையே இல்லை. இடது முனை, வலது முனை என்று இரண்டு விரல்களை வைத்துக்கொண்டால் இரண்டும் எப்போதும் வலப்பக்கமே நகரும்.

இடது = 1, கூட்டுத்தொகை = 0, விடை = 0
வலது, 1 முதல் ம வரை:
— வலது மரத்தின் காய்களைக் கூட்டுத்தொகையில் சேர்
— கூட்டுத்தொகை வண்டியின் அளவைத் தாண்டியிருக்கும் வரை, இடது மரத்தின் காய்களைக் கழித்து இடதை ஒன்று நகர்த்து
— வலது − இடது + 1, இப்போதைய விடையைவிடப் பெரிதானால் அதுவே புதிய விடை
முடிவில் விடையை அச்சிடு

மாதிரியில் ஓட்டிப் பாருங்கள். 4, 6, 13 என்று ஏறும், நீளம் 3. அடுத்த 1 சேர்த்தால் 14. இடதில் உள்ள 4ஐக் கழித்தால் 10. அடுத்த 3 சேர்த்தால் 13, நீளம் 4. அப்புறம் 2 வரும்போது 15; இடதில் உள்ள 2ஐக் கழித்தால் 13, நீளம் 4. இப்படியே முடியும் வரை ஓட்டினால் 4க்கு மேல் போகாது. ஒவ்வொரு விரலும் அதிகபட்சம் 2 லட்சம் அடி நகரும். மொத்தம் 4 லட்சம். முழு மதிப்பெண்.

இதோடு நிறுத்தக் கூடாது. இந்த வழி ஏன் சரி? காய்களின் எண்ணிக்கை எதுவும் மைனஸ் ஆகாது என்பதால். மைனஸ் எண்கள் வரலாம் என்று கணக்கில் இருந்தால் இரண்டு விரல் முறை தப்பான விடை தரும். ஒரே மரத்தில் வண்டி தாங்குவதைவிட அதிகம் காய் இருந்தால்? இடது, வலதைத் தாண்டிப் போகும், நீளம் 0 ஆகும்; நம் நிரல் அதையும் சரியாகக் கையாள்கிறது. ஒவ்வொரு மரத்திலும் 100 கோடி வரை இருக்கலாம் என்றால் (கணக்கில் எதுவும் நடக்கும்) கூட்டுத்தொகைக்கு லாங் லாங் வேண்டும்.

வரம்பைப் பார்த்து வழியை ஊகிக்கப் பழகுவதற்கு ஒரு சின்னப் பட்டியல்:

— ம 20 வரை: ஒவ்வொன்றையும் எடு அல்லது விடு என்று எல்லாச் சாத்தியங்களையும் பார்க்கலாம், பத்து லட்சத்துச் சொச்சம்தான் வரும்
— ம 500 வரை: மூன்று லூப்
— ம 5,000 வரை: இரண்டு லூப்
— ம 2 லட்சம் வரை: சார்ட் (வரிசைப்படுத்துவது), பைனரி சர்ச் (தேடும் இடத்தைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடுவது), இரண்டு விரல், மேப், செட்
— ம கோடி கோடி என்று போனால்: சூத்திரமோ பைனரி சர்ச்சோ, லூப் போட்டு ஓடவே முடியாது

படி 4: எந்த வரிசையில் என்ன படிப்பது

சார்ட், பைனரி சர்ச், முன்கூட்டுத்தொகை (தொடக்கத்திலிருந்து அந்தந்த இடம் வரையான கூட்டல்), இரண்டு விரல், மேப் மற்றும் செட், ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைப்பது). இவ்வளவும் முதல் பாதி. இரண்டாம் பாதியில் கிரீடி, டைனமிக் புரோகிராமிங், கிராஃபில் (புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும்) தேடும் முறைகளான பிஎஃப்எஸ், டிஎஃப்எஸ், குறுகிய பாதைக்கு டைக்ஸ்ட்ரா. தேசியச் சுற்றுக்கு இவற்றில் ஆழம் இருந்தால் நல்ல நிலை. செக்மென்ட் ட்ரீ மாதிரியான கனமான கருவிகளை அதற்கு முன்பே படிக்க அவசரப்படுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். எளிய கருவியை வைத்து யோசிக்கத் தெரியாதவருக்குக் கனமான கருவி உதவாது.

கிரீடி முறையிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். ஒவ்வொரு அடியிலும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதை எடுத்துக்கொள்வதுதான் அது. 1, 3, 4 ரூபாய் நாணயங்கள் இருக்கின்றன, 6 ரூபாய் கொடுக்க வேண்டும், குறைந்தது எத்தனை நாணயம்? பெரியதை முதலில் எடுத்தால் 4, 1, 1 என்று மூன்று. உண்மையில் 3, 3 என்று இரண்டே போதும். கிரீடி தோன்றியதும் அதை உடைக்கும் ஓர் உள்ளீட்டைத் தேடுங்கள். பத்து நிமிடம் தேடியும் உடைக்க முடியவில்லை என்றால் அது ஏன் உடையவில்லை என்று தாளில் எழுத முயலுங்கள். எழுத முடிந்தால்தான் நம்பலாம்.

படி 5: எங்கே பழகுவது

கீழே சொல்லும் எல்லாமே இலவசம்.

தலைப்பு வாரியாகப் பழக சிஎஸ்இஎஸ் தளம். பின்லாந்தில் உருவானது, நூற்றுக்கணக்கான கணக்குகள் எளிதிலிருந்து கடினம் நோக்கி அடுக்கப்பட்டிருக்கும். அறிமுகக் கணக்குகள், சார்ட் மற்றும் தேடல், டைனமிக் புரோகிராமிங், கிராஃப் என்ற நான்கு பகுதிகளை முடித்தாலே பெரிய அடித்தளம்.

போட்டியாக எழுதிப் பழக ஜப்பானின் அட்கோடர். பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நம் நேரம் மாலை 5.30க்குத் தொடக்க நிலைப் போட்டி வரும், 100 நிமிடம். கணக்குகள் சுருக்கமாக, சுத்தமாக இருக்கும். இரவு விழிக்கத் தேவையில்லாததால் பள்ளி மாணவர்களுக்கு இதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன். ரஷ்யாவின் சராதவ் நகரில் பிறந்த கோட்ஃபோர்சஸ் இன்னும் பெரிய களம். அங்கே மூன்றாம், நான்காம் பிரிவுப் போட்டிகள் தொடக்க நிலையினருக்கு. ஒவ்வொரு கணக்குக்கும் அதன் கடினத்தைக் காட்டும் மதிப்பீட்டு எண் உண்டு. 800இல் தொடங்கி, திணறாமல் போட முடிகிறபோது நூறு நூறாக ஏற்றுங்கள். நம் நாட்டுக் கோட்செஃப் தளத்தில் பழைய இசட்சிஓ, ஐஎன்ஓஐ கணக்குகளைப் பயிற்சித் தொகுப்புகளாகவே போட்டிருக்கிறார்கள், அவற்றை விட்டுவிடாதீர்கள்.

அமெரிக்காவின் கணினி ஒலிம்பியாடான யுஎஸ்ஏகோ போட்டிகளில் எந்த நாட்டு மாணவரும் பங்கேற்கலாம். வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று நான்கு நிலைகள். நன்றாக எழுதினால் அடுத்த நிலைக்கு ஏறலாம். மாணவர்களே சேர்ந்து அதற்காக எழுதிய யுஎஸ்ஏகோ கைடு தளம் பாடமாகப் படிக்க மிக நல்லது. ஆங்கிலம் தடையாக இருந்தால், ஒரு கணக்கை மட்டும் எடுத்து மெதுவாக வாசியுங்கள். இந்தக் கணக்குகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் நூறு நூற்றைம்பதுதான். ஒரு மாதத்தில் பழகிவிடும்.

விரிவுரையாகக் கேட்க விரும்புபவர்களுக்கு, மாதவன் முகுந்த் நடத்திய அல்காரிதம் வகுப்புகள் என்பிடெல் என்ற இணைய வகுப்புத் தளத்தில் இருக்கின்றன.

படி 6: தப்பானதை என்ன செய்வது

ஒரு கணக்கில் எவ்வளவு நேரம் முட்டிக்கொள்வது? தொடக்கத்தில் நாற்பது நிமிடம், பழகிய பிறகு ஒன்றரை இரண்டு மணி நேரம். அதுவரை தீர்வைப் பார்க்காதீர்கள். பார்க்கும்போதும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம். முதல் பத்தியை மட்டும் வாசித்துவிட்டு மூடிவிட்டு மறுபடி முயலுங்கள். புரிந்ததும் தீர்வின் நிரலைப் பார்க்காமல் நீங்களே எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி எழுதுங்கள்.

ஒரு நோட்டு வையுங்கள். அதில் நிரலை எழுத வேண்டாம். ஒரு கணக்குக்கு ஒரே வரி: எதை நான் கவனிக்கவில்லை? 'இடது முனை பின்னால் போகாது என்பதைக் கவனிக்கவில்லை.' 'விடையையே பைனரி சர்ச் செய்யலாம் என்று தோன்றவில்லை.' ஐம்பது வரி சேர்ந்ததும் உங்கள் பலவீனம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

நிரல் தப்பான விடை தருகிறது, எங்கே என்று தெரியவில்லை என்றால் இப்படிச் செய்யுங்கள். அதே கணக்குக்கு மெதுவான, ஆனால் நிச்சயம் சரியான மூன்று லூப் நிரலை எழுதுங்கள். ஐந்தாறு எண்கள் கொண்ட சின்ன உள்ளீடுகளை ராண்டமாக உருவாக்கி இரண்டிலும் ஓட்டுங்கள். விடை வேறுபடும் முதல் உள்ளீட்டில் நிறுத்தி, அதைத் தாளில் போடுங்கள். பிழை பெரும்பாலும் சில நிமிடங்களில் கண்ணில் படும். ஐஓஐ வரை போகிறவர்கள் போட்டி நடக்கும்போதே இதைச் செய்கிறார்கள்.

ஏஐ கருவிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். போட்டி நேரத்தில் அவற்றைப் பயன்படுத்துவது ஏமாற்று. பிடிபட்டால் தகுதி நீக்கம். பயிற்சியிலும், முட்டிக்கொள்ள வேண்டிய நாற்பது நிமிடத்தை அது பறித்துவிடும். தேர்வு அறையில் உங்களுக்குத் துணை வரப்போவது அந்த நாற்பது நிமிடங்களில் வளர்ந்த யோசனை மட்டும்தான். கணக்கு முடிந்த பிறகு, ஒரு சி++ வரி ஏன் அப்படி வேலை செய்கிறது என்று கேட்பதற்குப் பயன்படுத்துங்கள், போதும்.

படி 7: போட்டி நாள்

எல்லாக் கணக்குகளையும் முதல் பதினைந்து நிமிடத்தில் வாசித்துவிடுங்கள். முதலில் இருப்பது எளிது என்று பொருளில்லை. ஒவ்வொன்றிலும் உடனே கிடைக்கும் சப்டாஸ்க் எது என்று குறியுங்கள். அவற்றை முதலில் எழுதிச் சேர்த்துவிட்டு, எதில் முழுத் தீர்வுக்கு நெருக்கமாக இருக்கிறீர்களோ அதற்கு மீதி நேரத்தைக் கொடுங்கள். ஒரே கணக்கைக் கடைசி வரை கட்டிக்கொண்டு மற்றவற்றில் பூஜ்ஜியம் வாங்குவது நல்ல மாணவர்களுக்கே அடிக்கடி நேரும் இழப்பு.

இசட்ஐஓவில் விடை மட்டும்தான் மதிப்பெண். ஒரு கூட்டல் பிழையால் முறை தெரிந்தும் மதிப்பெண் போகும். அட்டவணையைப் பெரிதாக, தெளிவாகப் போடுங்கள். நேரம் மிஞ்சினால் எதிர்த் திசையிலிருந்து ஒரு முறை கணக்கிட்டுப் பாருங்கள்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும்

இதனால் என்ன பயன் என்று கேட்பது நியாயம். சிஎம்ஐ, ஒலிம்பியாட் முகாம் வரை வந்தவர்களை நுழைவுத் தேர்வு இல்லாமல் சேர்க்க வழி வைத்திருக்கிறது. ஐஐஐடி ஹைதராபாத்தில் ஒலிம்பியாட் மாணவர்களுக்குத் தனிச் சேர்க்கை முறை உண்டு. ஐஐடி கான்பூர் 2025–26 கல்வியாண்டு முதல் ஒலிம்பியாட் வழியாகவும் சேர்க்கிறது. நிபந்தனைகளை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த வழியில் உள்ளே போகிறவர்கள் மிகச் சிலர். சீட்டுக்காக மட்டும் பிள்ளையை இதில் தள்ளினால் இரண்டாவது மாதத்திலேயே வெறுத்துவிடும். கணக்கு போட்டு விடை வரும்போது பிள்ளையின் முகத்தில் மகிழ்ச்சி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் வாரம் ஆறு ஏழு மணி நேரத்தை அதற்கு விட்டுக்கொடுங்கள்; டியூஷன் அட்டவணையில் அதற்கும் ஓர் இடம் கொடுங்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்கே எல்லாக் கணக்கும் போடத் தெரிய வேண்டியதில்லை. வாரம் ஒரு நாள், பள்ளி முடிந்து ஒரு மணி நேரம், லேபைத் திறந்து வைத்தால் போதும். கரும்பலகையில் ஒரு பழைய இசட்ஐஓ கணக்கை எழுதிவிடுங்கள். மாணவர்கள் சேர்ந்து வாதாடட்டும். தனியாக வீட்டில் பழகும் பிள்ளை பாதியில் விட்டுவிடும். நான்கு பேர் சேர்ந்து பழகும் பள்ளியில் அது அரிது. பெண் பிள்ளைகளையும் பெயர் சொல்லி அழைத்து உட்கார வையுங்கள். அவர்கள் எண்ணிக்கை இந்தப் போட்டிகளில் உலகெங்கும் குறைவு என்பதால்தான் 2021இல் சூரிக்கில் ஐரோப்பியப் பெண்கள் தகவலியல் ஒலிம்பியாட் என்று தனிப் போட்டியே தொடங்கினார்கள்.

பிளஸ் டூ முடிந்துவிட்டது, முகாம் வரை போகவில்லை என்றாலும் பழகியது கையில் இருக்கும். கல்லூரியில் ஐசிபிசி என்ற கல்லூரி மாணவர்களுக்கான சர்வதேச நிரல் போட்டி காத்திருக்கிறது: மூன்று பேர் அணி, மூவருக்கும் சேர்த்து ஒரே கணினி, ஐந்து மணி நேரம். முதலாம் ஆண்டிலேயே உங்கள் துறையில் யார் யார் இதில் ஆர்வமாக இருக்கிறார்கள் என்று விசாரித்து அணி சேர்த்துவிடுங்கள்.